ஒரு விதிப்புத்தகம் யாங்கோன் போன கதை

2017-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மியன்மாரில் கடலைப்பருப்பின் பெயரை ஃபேஸ்புக்கில் எழுதியவர்களுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தது. எழுதியது காணாமல் போனது. பருப்பில் என்ன குற்றம்? குற்றம் அதன் பெயரில் இருந்தது. பர்மியர் அதைக் 'கலாபே' என்பார்கள். நாற்காலி 'கலாதைங்'. ஒட்டகத்தின் பெயரும் 'கலா' என்றுதான் தொடங்கும். மேற்குத் திசையிலிருந்து வந்த பொருள்கள் பலவற்றின் முன்னால் ஒட்டிக்கொள்ளும் சொல் அது. ஆட்களுக்கும் அதே ஒட்டுதான். இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனவர், அங்கேயே பிறந்த அவர் மகன், இந்தியாவைப் பார்த்தே இராத கொள்ளுப்பேரன், செட்டியார், கூலி, இந்து, முஸ்லிம் எல்லாரும் கலா. தமிழ்க் காதுக்கு ஒரு பெண்ணின் பெயரைப் போல இனிமையாகத்தான் ஒலிக்கிறது. சொல்கிறவர் முகத்தைப் பார்த்தால்தான் அது அழைப்பா வசவா என்று தெரியும்.

அந்த ஆண்டு அது வசவு என்று ஃபேஸ்புக் முடிவு செய்திருந்தது. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைக் கிளப்பப் பயன்படுவதால் நீக்கவேண்டும் என்று விதி. முடிவு நியாயமானதே. ஆனால் விதி நடைமுறைக்கு வந்தபோது பருப்பும் நாற்காலியும் சேர்ந்து போயின. 'யாரையும் கலா என்று அழைக்காதீர்கள்' என்று கெஞ்சியவர்களின் பதிவுகளும் போயின. அமலாக்கத்தில் தடுமாறிவிட்டதை அந்த நிறுவனத்தின் உயர் அலுவலர் ரிச்சர்ட் ஆலன் 2017 ஜூனில் வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டார்.

பருப்பை நீக்கிய அந்த விதி ஒரு புத்தகத்தில் ஒரு வரி. அந்தப் புத்தகம் பிறந்தது கலிபோர்னியாவில். பிறந்தபோது அது ஒரே ஒரு பக்கம்.

2009-இல் ஃபேஸ்புக்கில் எதை நீக்குவது, எதை விடுவது என்று பார்க்க ஒரு டஜன் பேர்தான் இருந்தார்கள். அவர்கள் கையில் ஒரு பக்கப் பட்டியல்: ஹிட்லர், நிர்வாணம் என்பதுபோன்ற சில இனங்கள். பட்டியலுக்குள் அடங்காததற்கு ஒரு பொதுக்கட்டளை உண்டு. பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறதா, எடுத்துவிடு. இதை வைத்துக்கொண்டு ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேர் ஒப்பேற்றலாம். ஒருவருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியைக் கேட்கலாம். வேலை கடல் கடந்து பல நாட்டு அலுவலகங்களுக்குப் போகும்போது ஒவ்வொருவர் வயிறும் ஒவ்வொரு விதமாகப் பிசையும். அந்தக் குழுவில் சேர்ந்த டேவ் வில்னர் என்ற இளைஞர் அந்த ஒரு பக்கத்தை ஏறத்தாழ 15,000 சொற்கள் கொண்ட விதிகளாக எழுதினார்.

எழுதும்போதே அதன் குணம் மாறியது. டப்ளினில் இருப்பவரும் மணிலாவில் இருப்பவரும் ஒரே படத்துக்கு ஒரே தீர்ப்பு சொல்லவேண்டும் என்றால், கேள்வி கண்ணால் பார்த்துப் பதில் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். இந்தச் சொல் இருக்கிறதா? இந்த உறுப்பு தெரிகிறதா? ஆம், இல்லை. 'இதை எழுதியவர் எதற்காக எழுதினார்', 'இதைப் படித்தவர் நாளை காலை என்ன செய்வார்' என்ற கேள்விகள் அந்தச் சல்லடையில் நிற்கவில்லை. அவற்றுக்கு விடை சொல்ல ஊர் தெரியவேண்டும். எல்லாருக்கும் ஒரே விடை கிடைப்பதைச் சரியான விடை கிடைப்பதாகக் கொள்வது பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள வியாதி. நம் தேர்வாணையங்களைக் கேட்டால் தெரியும்.

அந்தப் புத்தகம் போய்ச் சேரவிருந்த ஊருக்கு இந்த விவகாரம் புதிதல்ல. 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி, அன்று ரங்கூன் எனப்பட்ட யாங்கோனில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர். துறைமுகத்தில் தெலுங்கர், வட்டிக்கடையில் செட்டிநாட்டார், மொகல் தெருவில் குஜராத்தி முஸ்லிம் வணிகர். ஒரு முஸ்லிம் எழுதி 1931-இல் வெளியான, பௌத்தத்தைப் பழிக்கும் பகுதிகள் கொண்ட ஒரு நூலைப் பல ஆண்டுகள் யாரும் சீண்டவில்லை. 1938-இல் பர்மியப் பத்திரிகைகள் அதைத் தூக்கிப்பிடித்தன. ஜூலை 26 அன்று ஷ்வேதகோன் பகோடாவில் கூட்டம் கூடியது. கூட்டம் ஊர்வலமாக இறங்கி இந்தியர் கடைவீதிக்குப் போனது. கலவரம் நாடெங்கும் பரவியது. நீதிபதி பிரவுண்ட் தலைமையில் அரசு அமைத்த விசாரணைக் குழு அடுத்த ஆண்டே இறுதி அறிக்கை தந்தது. புத்தகம் ஒரு சாக்கு, மூட்டியதில் பத்திரிகைகளுக்குப் பெரும்பங்கு உண்டு, அடியில் நிலமும் வேலையும் அரசியலும் கிடக்கின்றன என்பது அதன் சாரம். எந்தச் சொல் அச்சில் வந்தது என்பதோடு அந்தக் குழு நின்றுவிடவில்லை. யார் வெளியிட்டார், எப்போது, என்ன நடந்தது என்று தொடர்ந்து போனது. காலனி அரசின் குழுவைப் பாராட்டுவது எனக்குப் பழக்கமில்லை, ஆனால் பின்னால் வரப்போகிற கதைக்கு இது ஒரு அளவுகோல்.

எழுபத்தாறு ஆண்டு கழித்து, 2014-இல், ஊடகம் மாறியது. ராணுவ ஆட்சிக் காலத்தில் மியன்மாரில் ஒரு சிம் அட்டை ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற காலமும் இருந்தது. 2014 ஆகஸ்டில் ஊரிடூ என்ற தொலைபேசி நிறுவனமும் அடுத்த மாதம் டெலினாரும் 1,500 சாட்டுக்கு, அதாவது ஒன்றரை டாலர் அளவுக்கு, சிம் விற்கத் தொடங்கின. யாங்கோன் தெருக்களில் கைப்பேசிக் கடைகள் முளைத்தன. கடைக்காரரே ஃபேஸ்புக்கை ஏற்றி, கணக்கும் தொடங்கிக் கொடுத்துவிடுவார். மின்னஞ்சல் முகவரி இல்லாதவர்கள், வலைத்தளம் பார்த்தே அறியாதவர்கள் நேராக அங்கே போய் இறங்கினார்கள். 2018-இல் ஐந்தரைக் கோடிக்குச் சற்றுக் குறைவான மக்களில் சுமார் 1.8 கோடிப் பேர் அங்கே இருந்தார்கள். நாளேடு, சந்தை, சாயா கடைப் பேச்சு, அரசு அறிவிப்பு எல்லாம் அதிலேயே.

விதிப்புத்தகம் மட்டும் வந்து சேரவில்லை. 2014 ஜூலையில் மாண்டலேயில் ஒரு பொய்ச் செய்தி கிளம்பியது. முஸ்லிம் தேநீர்க்கடைக்காரர் ஒருவர் பௌத்தப் பெண்ணை வன்கொடுமை செய்தார் என்று. விராத்து என்ற பிக்கு அதைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் பரப்பினார். இரண்டு உயிர் போயிற்று. அந்த நேரத்தில் ஃபேஸ்புக்கின் விதிகள் பர்மிய மொழியில் இல்லை. 'இது தவறு' என்று புகார் கொடுப்பவர் எந்த விதியின் கீழ் தவறு என்று படித்துப் பார்க்க வழியில்லை. படித்திருந்தாலும் புகாரைப் பார்க்க ஆள் இல்லை. ராய்ட்டர்ஸ் கண்டறிந்தபடி 2015 தொடக்கத்தில்கூடப் பதிவுகளைப் பரிசீலிப்பவர்களில் பர்மியம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

யாங்கோன்காரர்கள் காத்திருக்கவில்லை, தாங்களே ஒரு விதியை எழுதினார்கள். நே போன் லாட் என்ற வலைப்பதிவர் ராணுவ ஆட்சியில் நான்காண்டு சிறையிலிருந்து 2012-இல் வெளியே வந்தவர். அவரும் நண்பர்களும் 2014 ஏப்ரலில் 'பன்ஸகா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். பூப்போன்ற பேச்சு என்று பொருள். மக்கள் வாயில் ஒரு பூவைக் கவ்விக்கொண்டு படம் எடுத்துப் போட்டார்கள். சட்டப்பிரிவோ தடைப்பட்டியலோ கிடையாது. எப்படிப் பேசவேண்டும் என்பதற்கு ஒரு படம், அவ்வளவுதான். வாயில் பூ இருக்கும்போது கத்த முடியாது. 15,000 சொல் சொல்லாததை அது சொல்லிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஃபேஸ்புக்குக்கு இது பிடித்துப்போனது. 2015 தொடக்கத்தில் பன்ஸகா படங்கள் ஸ்டிக்கர்களாக அதன் கடைக்கு வந்தன. வெறுப்புப் பதிவைக் கண்டால் சண்டைக்குப் போகாதே, கீழே ஒரு பூ ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு நகர் என்பது ஏற்பாடு. ஆயிரக்கணக்கானோர் ஒட்டினார்கள். பிறகு நடந்ததை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2022-இல் வெளியிட்ட அறிக்கையில் காணலாம். ஒரு பதிவின் கீழே ஸ்டிக்கர் விழுந்தால், கணினி அதை மக்கள் அந்தப் பதிவை ரசிப்பதற்கு அடையாளமாக எண்ணிக்கொண்டது. ரசிக்கப்படும் பதிவை இன்னும் பலருக்குக் காட்டுவது அதன் வேலை. ஆக, பூ ஒட்டப்பட்ட வசவு ஒட்டப்படாத வசவைவிட அதிகம் பேரிடம் போனது.

யாரும் இங்கே கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஸ்டிக்கர் வரைந்தவர் செய்யவில்லை, ஒட்டியவர் செய்யவில்லை, அந்தக் கணினி நிரலை எழுதிய பொறியாளரும் யாங்கோனை நினைத்து எழுதவில்லை. ஆனால் அந்த நிரலுக்குள் ஒரு விதி இருந்தது. மனிதர்களுக்கான விதி பல பக்கம், இயந்திரத்துக்கான விதி ஒரே வரி: ஆட்களை இங்கேயே இருக்கவை, தொட வை, எழுத வை. இந்த ஒற்றை வரி எந்த மொழியிலும் பெயர்க்கப்படவில்லை, பெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை. அது கீழ்ப்படியப்படுகிறதா என்பதை நொடிக்கு நொடி அளந்துகொண்டிருந்தார்கள்.

மனிதர்களுக்கான புத்தகம் ஒருவழியாக 2015-இல் பர்மிய மொழியில் வந்தது. அதற்கு உதவியது யாங்கோனில் இயங்கிய ஃபான்டீயார் என்ற தொழில்நுட்ப மையம். அதை நிறுவிய டேவிட் மேடன் அதே ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவுக்குப் போய், ருவாண்டாவின் இனப்படுகொலையில் வானொலி வகித்த இடத்தை மியன்மாரில் ஃபேஸ்புக் வகிக்கும் ஆபத்து இருக்கிறது என்று நிறுவன ஊழியர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டு வந்தார்.

புத்தகம் வந்தபின் அதைப் படித்து அமல்படுத்தும் கணினிக்கு ஒரு தடை. அது எழுத்து. தமிழில் பாமினி, டாம், டாப் என்று ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு, ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் திரையில் கட்டமும் கோடுமாகத் தெரிந்த காலத்தை மறந்திருக்க மாட்டோம். மியன்மாரில் அந்தக் காலம் இன்னும் நீண்டது. 'ஸாஜி' என்ற எழுத்துரு கிட்டத்தட்ட எல்லாக் கைப்பேசியிலும் இருந்தது. அது யூனிகோடின் இடங்களையே எடுத்துக்கொண்டு, ஆனால் யூனிகோடின் ஒழுங்கைப் பின்பற்றாமல், மோன், ஷான், கரேன் மொழி எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களிலும் பர்மிய எழுத்தின் வடிவங்களை நிரப்பிவைத்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல் கணினிக்குள் இரண்டு விதமாக, சில வேளை நாலு விதமாகக் கிடந்தது. அரசு யூனிகோடுக்கு முறையாக மாறியது 2019 அக்டோபர் 1 அன்றுதான். அதற்குள் நடக்கவேண்டியது நடந்துவிட்டது.

கணினி எவ்வளவு படித்தது என்பதற்கு ராய்ட்டர்ஸ் 2018 ஆகஸ்டில் ஓர் எடுத்துக்காட்டைப் பிடித்துப் போட்டது. மியன்மாரில் கண்ணில் படும் கலாக்களை எல்லாம் கொல்லுங்கள், ஒருவரும் மிஞ்சக்கூடாது என்று ஒரு பர்மியப் பதிவு. ஃபேஸ்புக்கின் சொந்த மொழிபெயர்ப்புக் கருவி அதை ஆங்கிலத்தில் தந்தது: மியன்மாரில் எனக்கு வானவில் இருக்கக்கூடாது. ராய்ட்டர்ஸ் திரட்டிய இத்தகைய பதிவுகள் ஆயிரத்துக்கும் மேல். அவை அப்போதும் தளத்தில் இருந்தன. பரிசீலனை வேலை கோலாலம்பூரில் ஆக்சென்ச்சர் நிறுவனத்திடம் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. சுமார் 60 பேர். அந்தத் திட்டத்துக்கு 'ஹனி பேட்ஜர்' என்று ஒரு பெயர் வேறு.

ஒரு பக்கம் கடலைப்பருப்பு நீக்கப்படுகிறது, மறுபக்கம் கொலை மிரட்டல் வானவில்லாகிறது. ஆள் கூட்டினால், எழுத்துரு சீரானால், மொழிபெயர்ப்பு தேறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். 2017 செப்டம்பரில் யாங்கோனில் நடந்ததைப் பார்த்தால் அந்த நம்பிக்கை போய்விடும்.

அதற்கு முந்தைய மாதம் 25-ஆம் தேதி மேற்கு மியன்மாரின் ரக்கைன் மாநிலத்தில் ராணுவ நடவடிக்கை தொடங்கியிருந்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்கள் வங்காளதேசத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஃபேஸ்புக்கின் மெசஞ்சரில் இரண்டு சங்கிலிச் செய்திகள் பரவின. பௌத்தர்களுக்கு வந்த செய்தி: செப்டம்பர் 11 அன்று முஸ்லிம்கள் தாக்கப் போகிறார்கள், எச்சரிக்கையாக இருங்கள், தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள். முஸ்லிம்களுக்கு வந்தது: அதே நாளில் பௌத்தர்கள் தாக்கப் போகிறார்கள், எச்சரிக்கையாக இருங்கள். வசவோ தடைசெய்யப்பட்ட சொல்லோ தேவைப்படாத செய்திகள் இவை. அக்கறையான அண்டைவீட்டார் பேசும் மொழி. புத்தகத்தை எடுத்து வரிவரியாகச் சரிபார்த்தால் இரண்டுமே நல்ல நடத்தை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒருவருக்குத்தான் யாரோ ஒரு நகரத்தையே கத்தி எடுக்கவைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரியும்.

அப்படிப் பார்த்தவர்கள் யாங்கோனின் சமூக அமைப்புகள். அவர்கள்தான் அலறிப் புடைத்துக்கொண்டு ஃபேஸ்புக்குக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். 2018 ஏப்ரலில் மார்க் சக்கர்பெர்க் ஒரு பேட்டியில் இதை எடுத்துச் சொன்னார். தங்கள் அமைப்பு இதைக் கண்டுபிடித்தது, செய்திகளை நிறுத்தினோம் என்று. யாங்கோனில் கொதிப்பு. ஃபான்டீயார் உள்ளிட்ட ஆறு அமைப்புகள் ஏப்ரல் 5 அன்று திறந்த மடல் எழுதின. உங்கள் 'அமைப்பு' என்பது நாங்கள்தான், அந்தச் செய்திகள் நாங்கள் சொல்வதற்குள் நாட்கணக்கில் பரவிவிட்டன, முறையான அவசரத் தொடர்புகூட உங்களிடம் கிடையாது என்பது மடலின் உள்ளடக்கம். சக்கர்பெர்க் பதில் எழுதி, அவர்கள் பங்கைத் தெளிவாகச் சொல்லாததற்கு வருத்தம் தெரிவித்தார். சில நாளில் அமெரிக்க செனட்டில், பர்மியம் தெரிந்தவர்களை டஜன் கணக்கில் சேர்க்கிறோம் என்றார். ஆண்டு முடிவதற்குள் அந்த எண்ணிக்கை நூறை நெருங்கியது.

ஆள் வந்தார்கள், கணக்கும் வந்தது. 2018 நவம்பரில் நிறுவனம் ஒரு முன்னேற்ற அறிக்கை தந்தது. மூன்றாம் காலாண்டில் மியன்மாரில் வெறுப்புப் பேச்சுக்காக சுமார் 64,000 பதிவுகள் மீது நடவடிக்கை. அவற்றில் 63 சதவீதத்தை யாரும் புகார் செய்யும் முன்பே நாங்களே கண்டுபிடித்தோம். முந்தைய ஆண்டின் கடைசிக் காலாண்டில் இது 13 சதவீதம்தான். ஏறக்குறைய ஐந்து மடங்கு முன்னேற்றம். இந்த எண்ணில் கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் மனிதரையோ இயந்திரத்தையோ மதிப்பிடும் எந்த அலுவலகத்திலும் இந்த வகை எண் ஒன்று சுவரில் மாட்டியிருக்கும்.

63 சதவீதம் எதில்? நீக்கியவற்றில். நீக்காமல் விட்டவை கணக்கில் வரவே இல்லை. ஊரில் லட்சம் வெறுப்புப் பதிவு இருந்து, நூறை நீக்கி, அதில் அறுபத்து மூன்றை இயந்திரமே பிடித்திருந்தாலும் விடை 63 சதவீதம்தான். நீக்கிய 64,000-இல் எத்தனை பருப்பு, எத்தனை நாற்காலி என்பதும் அதில் இல்லை. இயந்திரத்தைச் சோதிக்கிறவர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்பது வழக்கம். பிடித்ததில் எவ்வளவு உண்மையில் குற்றம்? குற்றத்தில் எவ்வளவு பிடிபட்டது? அந்த 63 இரண்டுக்கும் விடையல்ல. அது மூன்றாவது ஒரு கேள்விக்கு விடை: புகார்தாரரை முந்தினோமா? முந்தியதில் பெருமை உண்டு, சந்தேகமில்லை. ஆனால் மியன்மாரில் அப்போது கேட்கப்பட்டது அது இல்லை.

இரண்டாவது கேள்விக்கு நிறுவனத்துக்குள்ளேயே ஒரு விடை இருந்தது. 2021-இல் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளியே கொண்டுவந்த உள் ஆவணங்களில் ஒன்று, உலக அளவில் வெறுப்புப் பேச்சில் 3 முதல் 5 சதவீதத்தின் மீதுதான் நடவடிக்கை எடுக்கிறோம் என்று மதிப்பிட்டிருந்தது. வெளியே காட்டிய எண்ணும் உள்ளே வைத்திருந்த எண்ணும் ஒரே பொருளைப் பற்றியவை. எதை எதால் வகுத்தார்கள் என்பதுதான் வேறு.

வெளியாட்கள் மதிப்பிடுவது எப்படி என்று குளோபல் விட்னஸ் என்ற அமைப்பு 2022 மார்ச்சில் காட்டியது. அவர்கள் புள்ளிவிவரம் கேட்கவில்லை. ரோஹிங்கியாக்களுக்கு எதிராக வன்முறையைத் தூண்டும் எட்டு விளம்பரங்களை பர்மிய மொழியில் தயாரித்து ஃபேஸ்புக்கிடம் கொடுத்தார்கள். வாசகங்களை அவர்கள் கற்பனை செய்யவும் இல்லை, ஐநா உண்மை அறியும் குழு தன் அறிக்கையில் எடுத்துக்காட்டாகப் பதிப்பித்திருந்தவற்றையே எடுத்துக்கொண்டார்கள். கேள்வித்தாளை நாலு வருடம் முன்பே கையில் கொடுத்துவிட்டு வைத்த பரீட்சை. எட்டு விளம்பரமும் ஏற்கப்பட்டன. வெளியாகும் முன் அந்த அமைப்பே அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஐநா குழுவின் அறிக்கையின் சுருக்கம் வெளியான 2018 ஆகஸ்ட் 27 அன்றே ஃபேஸ்புக் மியன்மாரில் ஒரு பெரிய நீக்கத்தைச் செய்தது. தலைமைத் தளபதி மின் ஆங் லாயிங் உட்பட இருபது பேரையும் அமைப்புகளையும் தடை செய்தது. போன பக்கங்களையும் கணக்குகளையும் ஏறக்குறைய 1.2 கோடிப் பேர் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்கள். அந்த நீக்கத்தோடு புத்தகத்தின் இன்னோர் அத்தியாயம் மியன்மாருக்கு வந்தது. சொல்லைப் பார்க்காதே, நடத்தையைப் பார் என்பது அதன் அடிப்படை. பலர் ஒன்று சேர்ந்து தாங்கள் யார் என்பதை மறைத்து ஒரே வேலையைச் செய்தால், அவர்கள் எழுதியது பாட்டானாலும் சமையல் குறிப்பானாலும் நீக்கலாம். அந்த அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி காரணத்தை விளக்கியது. நூற்றுக்கணக்கான ராணுவத்தினர் பாடகர், நடிகை, அழகுக்கலை என்ற பெயர்களில் பக்கங்களைத் தொடங்கி, ரசிகர்களைச் சேர்த்து, பிறகு அவற்றின் வழியாக விஷம் ஏற்றியிருந்தார்கள். டிசம்பரில் மட்டும் இந்த அத்தியாயத்தின் கீழ் 425 பக்கங்கள் போயின. என் கணிப்பில், இந்தப் புத்தகத்தின் எல்லாத் திருத்தங்களிலும் பொருட்படுத்தத் தக்கது இதுதான். வந்தது ஓராண்டு தாமதமாக.

இயந்திரத்தின் ஒற்றை வரி விதிக்கு மட்டும் இப்படி ஒரு திருத்தம் நடக்கவில்லை. ஜெர்மனியின் அரசியல் குழுக்களை ஆராய்ந்த ஊழியர் ஒருவர் 2016-இலேயே உள்ளுக்குள் சொல்லியிருந்தார். தீவிரவாதக் குழுக்களில் சேருகிறவர்களில் 64 சதவீதம் பேர் எங்கள் பரிந்துரைக் கருவியால்தான் அங்கே போகிறார்கள் என்று. 2020-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதை வெளியிட்டது. அம்னெஸ்டியின் வாதமும் இதன் மேல்தான் நிற்கிறது: பதிவுகளை நீக்கத் தவறியதைவிட, பரப்பியதுதான் பெரிய குற்றம். ஒன்றில் நிறுவனம் கவனக்குறைவான காவலாளி, மற்றதில் அதுவே தண்டோராக்காரன். பெரும்பாலான விசாரணைகள் காவலாளியைத்தான் விசாரித்தன.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 4-ஆம் தேதி ஃபேஸ்புக்கை முடக்கியது. 25-ஆம் தேதி ஃபேஸ்புக் ராணுவத்தைத் தன் தளத்திலிருந்து முழுவதுமாக விலக்கியது. ஒருவரை ஒருவர் தடை செய்துகொண்ட விசித்திர நிலை. யாங்கோன்காரர்கள் விபிஎன் போட்டுக்கொண்டு அதே தளத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குப் பழைய புத்தகம் காத்திருந்தது. ராணுவத்துக்குப் பணம் வருவதை எப்படித் தடுப்பது என்று ஒருவர் பர்மியத்தில் எழுதிய நீண்ட பதிவை ஃபேஸ்புக் நீக்கியது. சீனர்களை இழிவுபடுத்துகிறது என்று காரணம். நாட்டுக்கும் நாட்டு மக்களுக்கும் பர்மியத்தில் ஒரே சொல். எழுதியவர் திட்டியது சீன அரசை. நிறுவனம் அமைத்த மேற்பார்வை வாரியம் 2021 ஆகஸ்டில் அதைத் திரும்பப் போடச் சொன்னது. கலாவில் பட்ட சூடு ஆறுவதற்குள் அடுத்தது.

தெருவில் வேறொரு பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. சோதனைச் சாவடியில் சிப்பாய் கைப்பேசியை வாங்கிப் புரட்டிப் பார்ப்பார். விபிஎன் இருக்கிறதா, என்ன பகிர்ந்திருக்கிறாய். குற்றவியல் சட்டத்தில் புதிதாகச் சேர்த்த 505-ஏ பிரிவுக்கு அச்சத்தை உண்டாக்கும் பேச்சு என்ற அளவுக்கு விரிந்த வாசல். பார்க்கிறவர் வயிறு பிசைந்தால் போதும். ராணுவ ஆதரவாளர்களோ டெலிகிராமுக்குப் போய், யாரைப் பிடிக்கவேண்டும் என்று அங்கே பெயரும் படமும் போட்டார்கள். அங்கே இந்தப் புத்தகம் செல்லாது. புத்தகமும் இளைத்துக்கொண்டிருந்தது. 2025 ஜனவரியில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தன் வெறுப்புப் பேச்சு விதிகளில் பலவற்றைத் தளர்த்தியது.

நீக்கப்பட்ட பதிவுகள் என்ன ஆயின? அவை அழியவில்லை, நிறுவனத்தின் சேமிப்பில் இருந்தன. மியன்மார் மீது சர்வதேச நீதிமன்றத்தில் இனப்படுகொலை வழக்குத் தொடுத்த காம்பியா, 2020-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் அவற்றைக் கேட்டது. தரவேண்டும் என்று 2021 செப்டம்பரில் ஒரு நீதிபதி சொன்னார். தகவல்தொடர்பு ரகசியச் சட்டம் தடுக்கிறது என்று நிறுவனம் வாதாட, டிசம்பரில் மேல் நீதிபதி அந்த உத்தரவை ரத்து செய்தார். வெறுப்பு என்று தானே தீர்ப்பளித்து நீக்கியதை, அந்தரங்கம் என்று சொல்லிக் காக்கலாம் என்பது நமக்குப் புரிந்துகொள்ளக் கடினம். ஆனாலும் ஜெனீவாவில் உள்ள மியன்மாருக்கான ஐநா சுதந்திர விசாரணை அமைப்புக்கு 2020 முதல் நிறுவனம் சில தரவுகளைக் கொடுத்திருந்தது.

அந்த அமைப்பு 2024 மார்ச்சில் தன் ஆய்வை வெளியிட்டது. 2017-இல் ரோஹிங்கியாக்கள் விரட்டப்பட்ட மாதங்களில் செயல்பட்ட 43 பக்கங்களை அது எடுத்துக்கொண்டது. அவற்றுள் நட்சத்திரங்கள் பெயரிலும் பொழுதுபோக்குப் பெயரிலும் இருந்தவை உண்டு, ராணுவத்தின் பெயர் வெளியே தெரியாது. அவற்றிலும் அவற்றோடு தொடர்புள்ளவற்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வெறுப்புப் பதிவுகள். இவை எல்லாம் ஒரே கையின் வேலை என்பதற்கு அவர்கள் சொன்ன சான்றுகளில் சொல்லகராதிக்கு வேலை இல்லை. பக்கங்களைத் தொடங்கியவர்களும் நிர்வகித்தவர்களும் ஒன்றே, ராணுவம் பயன்படுத்திய அதே ஐபி முகவரிகள், ஒரே பதிவு சில நிமிட இடைவெளியில் பக்கம் பக்கமாக ஏறியிருந்தது.